சிறைக்குக் கமரா பூட்டப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் சிசிரிவி வேலை பழகுகிற பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே வழியால்தான் வருகிறார்கள். முதலில் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை. பிறகு கனடாவில் இருப்பவர் காசு அனுப்பிக் கட்டிய வீடு. பிறகு ஒரு கோயில் உண்டியல். இந்த வேலைகளில் ஒரு நிம்மதி உண்டு. சாமான் உள்ளே இருக்கும், கள்ளன் வெளியே இருந்து வருவான், காசு தருகிற முதலாளி உங்கள் பக்கம்.

சிறைச்சாலையிலோ பொலிஸ் நிலையக் கூட்டிலோ வேலை கிடைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஆபத்தில் இருக்கிற ஆள் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறார், எழும்பிப் போக வழியில்லை. உங்களுக்குக் காசு தருகிற நிர்வாகமும் கமராவின் பார்வைக்குள் வரவேண்டிய தரப்புத்தான். இதை விளங்காமல் போனால் நகைக்கடைக்குப் பூட்டிய மாதிரியே சிறைக்கும் பூட்டிவிட்டு வருவீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்.

இதை இரண்டு பேருக்காக எழுதுகிறேன். ஒருவர் முதன்முறையாக இப்படியான ஒப்பந்த வேலைக்குப் போகும் தொழில்நுட்பவியலாளர். மற்றவர் சிறையில் புதிதாகச் சேர்ந்து, "நீர் கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளைதானே, உதையும் பாரும்" என்று கமரா அறையின் திறப்பைக் கையில் வாங்கிய உத்தியோகத்தர்.

முதற்படி: சாமானுக்கு முன் சம்பவப் புத்தகம்

விலைப்பட்டியலை ஒருபக்கம் வையுங்கள். கடந்த இரண்டு வருடத்துச் சம்பவப் பதிவுகளைக் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எந்த இடம், எத்தனை மணி, என்ன நடந்தது என்பது போதும். கட்டட வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு புள்ளி போடுங்கள். அடிபாட்டுக்குச் சிவப்பு, தற்கொலை முயற்சிக்கு நீலம், மதிலுக்கு மேலால் எறியப்பட்ட பொதிக்குப் பச்சை, வருத்தம் வந்து விழுந்ததற்குக் கறுப்பு. அரைநாள் வேலைதான்.

நான் பார்த்த இடங்களில் புள்ளிகள் மதிலோரம் கூடியதில்லை. தண்ணீர்க் குழாயடி, சாப்பாட்டு வரிசை, நடைபாதை திரும்புகிற மூலை, புதிதாக வருகிற ஆளைப் பதிகிற மேசை, இந்த நாலு இடத்திலும்தான் குவியும். ஆனால் கேள்விப்பத்திரத்தைத் திறந்து பார்த்தால் பாதிக் கமரா வெளிமதிலுக்கு எழுதியிருப்பார்கள். ஒருவர் தப்பி ஓடினால் பேப்பரில் வரும், மேலதிகாரி விளக்கம் கேட்பார். கூடத்துக்குள் ஒருவருக்குப் பல்லுடைந்தால் அப்படி ஒன்றும் நடக்காது. அதனால்தான்.

வரைபடத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: ஒவ்வொரு கூடமும் எத்தனை பேருக்கென்று கட்டப்பட்டது, இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள். இலங்கைச் சிறைகள் தங்கள் கொள்ளளவைத் தாண்டி வெகுகாலம். உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதியினர் வழக்கு முடியாமல் விளக்கமறியலில் கிடப்பவர்கள். ஐம்பது பேருக்குக் கட்டிய கூடத்தில் நூற்றைம்பது பேர் படுத்தால், நீங்கள் பூட்டுகிற எந்தக் கமராவும் அங்கே தலைகளை மட்டும்தான் காட்டும். அதை உங்கள் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு "கமரா இருந்தும் சண்டை நடந்ததே" என்று உங்களைக் கேட்பார்கள்.

நம்முடைய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877இல் வந்தது. அந்தக் காலத்துப் பாதுகாப்பு மதில், பூட்டு, துவக்கு. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015 டிசம்பர் 17ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் மொத்தம் 122. அதில் முதல் விதியே கைதிகள், ஊழியர்கள், சேவை வழங்க வருகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லாருடைய பாதுகாப்பும் எந்நேரமும் உறுதிப்பட வேண்டும் என்கிறது. ஏணியோடு உள்ளே போகிற நீங்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள்.

பாதுகாப்பு யாருக்கு என்ற கேள்வி நம் ஊரில் வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அரசின் பூட்டுக்குள், அரசின் பொறுப்பில் இருந்தவர்கள். எந்தக் கதவு எப்போது, யார் கையால் திறந்தது என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவே இல்லை, ஒருவரும் தண்டிக்கப்படவுமில்லை. அதே வெலிக்கடையில் 2012 நவம்பர் 9ஆம் திகதி 27 கைதிகள் இறந்தார்கள். சிறை அதிகாரி ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் தண்டனை விதிக்க 2022 ஜனவரி ஆகிவிட்டது. 2020 நவம்பர் 29ஆம் திகதி, கொரோனாப் பயத்தில் மஹர சிறையில் குழப்பம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். மூன்றிலும் உறவினர்கள் கேட்டது ஒன்றுதான்: உள்ளே என்ன நடந்தது? நீங்கள் பூட்டப் போவது அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சாமான். விடை யாருக்குப் பிடிக்காமல் போகும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

ஒரு தடுப்பிடத்தில் நான் ஏணியில் நிற்கும்போது, ஓய்வு பெறக் கிட்டியிருந்த காவலர் ஒருவர் கீழே நின்று கேட்டார்: "தம்பி, உது எங்களைப் பாக்கவோ, அவையளைப் பாக்கவோ?"

"ரெண்டு பேரையும்தான் ஐயா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தத் தூணுக்கு இஞ்சாலயும் ஒண்டு போடும். ஆரும் என்னிலை பழி போட்டால் காட்டலாம்" என்றார். நான் வரைபடத்தில் கவனிக்காமல் விட்ட இருட்டு மூலை அது. இரவுக் கடமைக் காவலர், தாதி, சமையற்கட்டில் நிற்பவர், பெண்கள் பகுதிப் பெண் உத்தியோகத்தர், இந்த நாலு பேரோடும் கதைக்காமல் ஒரு துளையும் போடாதீர்கள். அனுமதி கிடைத்தால் கைதிகளோடும்.

இரண்டாம் படி: எங்கே பூட்டுவது, எங்கே பூட்டக்கூடாது

விற்பனைக்காரர் "அஞ்சு மெகாபிக்சல், எட்டு மெகாபிக்சல்" என்று சொல்வார். அதை விட்டுவிட்டு ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரத்தின்படி, ஓர் ஆள் நிற்கிறார் என்று தெரிய மீற்றருக்கு 25 பிக்சல் போதும். ஏற்கனவே தெரிந்த ஆளா என்று அடையாளம் காண 125. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் இன்னார் என்று சொல்ல 250. சாதாரண 1080பி கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 1920ஐ 250ஆல் பிரித்தால் 7.68. அதாவது அந்தக் கமரா ஏழரை மீற்றர் அகலத்துக்கு மேல் பார்த்தால் முகத்தை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது. முற்றத்துக்கு நடுவே ஒரேயொரு கமராவை உயரத்தில் பூட்டிவிட்டு "முழுதும் கவர் ஆகுது" என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நடைபாதைக்கு இரண்டு முனையிலும் எதிரெதிராக ஒவ்வொன்று. ஒன்றை யாராவது துணியால் மூடினால் மூடிய கையை மற்றது காட்டும். கைக்கெட்டும் உயரத்தில் ஐ.கே. 10 தரமுள்ள, அடித்தாலும் உடையாத, கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் வகையைத்தான் போட வேண்டும். உடைந்த மூடித் துண்டு கூட உள்ளே ஆயுதமாகிவிடும். வயர் வெளியே தொங்கக்கூடாது. கழுத்துக்குச் சுருக்குப் போட உதவுகிற எதுவும், ஒரு கொளுக்கியோ நீட்டி நிற்கிற குழாயோ கூட, கூடத்துக்குள் உங்கள் வேலையால் புதிதாக முளைக்கக்கூடாது.

கழிப்பறை, குளிக்கும் இடம், உடை களைந்து சோதிக்கும் அறை, வைத்தியர் பார்க்கும் இடம், இவற்றுக்குள் பூட்டவே கூடாது. நம்முடைய பக்கத்தில் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி நின்று வெளியில்தான் குளிப்பார்கள். அந்த முற்றத்துக் கமராவில் தொட்டிப் பகுதியை மென்பொருளால் கறுப்பாக மறைக்கலாம். மறைத்த பிறகு உண்மையிலேயே மறைந்திருக்கிறதா என்று பதிவை ஓடவிட்டுப் பாருங்கள், நேரடிப் படத்தை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். சட்டத்தரணி சந்திக்கும் அறையில் உருவம் தெரியலாம், குரல் கேட்கக்கூடாது. மண்டேலா விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே அந்த அறைக்கு மைக் உள்ள கமரா வாங்கி "ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறம்" என்று சொல்லாதீர்கள். மைக்கே இல்லாததை வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஆள் உள்ளே வரும் மேசை

முழுக் கட்டடத்திலும் ஒரேயொரு கமராவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இந்த மேசைக்கு மேல்தான் பூட்டுவேன். பொலிஸிடமிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ ஒருவரை ஏற்கிற இடம் இது. அந்த நேரத்தில் அவர் உடம்பில் இருந்த காயம், அவர் சொன்ன முறைப்பாடு இரண்டையும் பதிய வேண்டும் என்று மண்டேலா விதிகளில் 7ஆவது சொல்கிறது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதான சித்தங்கேணி இளைஞர் உயிரிழந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காயம் எந்தக் கதவுக்கு முன்னால் வந்தது, எந்தக் கதவுக்குப் பின்னால் வந்தது என்பதை இந்த மேசையில் எடுத்த ஒரு படம் சொல்லிவிடும்.

செய்முறை சுலபம். நல்ல வெள்ளை வெளிச்சம், சாம்பல் நிறச் சுவர், சுவரில் சென்ரிமீற்றர் அளவுகோல். முகம் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு. காயம் இருந்தால் கிட்டத்தில் ஒரு படம், காயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோல், எட்டத்தில் இன்னொரு படம். உடம்பின் மறைவான இடங்களை வைத்திய அறையில், அதே பாலினத்தவர் முன்னால், வைத்தியரே எடுக்கட்டும். படம் யாருடைய சொந்தப் போனிலும் எடுக்கப்படக்கூடாது. வட்ஸ்அப்பில் போன படம் அன்றிரவே ஊர் முழுக்கப் போய்விடும். அதற்கென்றே ஒரு கமரா, அதுவும் எடுத்தவுடன் நேரே சேவருக்குப் போகிற மாதிரி.

நாலாம் படி: பதிவு

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். சிறைக் கமராவில் படம் பிடிக்கிற பகுதியைவிட, பிடித்ததை வைத்திருக்கிற பகுதிதான் எப்போதும் பிழைக்கிறது.

முதலில் இடக்கணக்கு. படத்தைச் சுருக்கி எழுதும் எச்.265 முறையில் ஒரு 1080பி கமரா விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் எழுதும் என்று வையுங்கள். எட்டால் பிரித்தால் விநாடிக்குக் கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக 21.6 ஜிகாபைட். 16 கமரா, 30 நாள் என்றால் 10 டெராபைட்டைக் கொஞ்சம் தாண்டும். 90 நாள் என்றால் 31. ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்தாலும் பதிவு சாகாமல் இருக்க இன்னும் கொஞ்சம். இந்தக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நாலு டெராபைட் போட்டுவிட்டு 'மூன்று மாதம் நிற்கும்' என்று சொல்கிற ஒருவர் உங்களுக்கு முன்னால் கேள்விப்பத்திரத்தை எடுத்துவிடுவார்.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? ஒரு கைதி தனக்கு நடந்ததை வெளியில் சொல்வதற்கே வாரக்கணக்கு எடுக்கும். வீட்டார் வரவேண்டும், சட்டத்தரணி வரவேண்டும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் போகவேண்டும். அதற்குள் 14 நாள் பதிவு இரண்டு தடவை அழிந்துபோய்விடும். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பொலிஸ் நிலையக் கமராக்களுக்கு 18 மாதப் பதிவு என்றும், அப்படிச் சேமிக்கும் கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. எல்லாக் கமராவுக்கும் அவ்வளவு வைக்க இங்கே காசு கிடையாது. வரவு மேசை, தனிமைக் கூடு, நடைபாதை ஆகிய மூன்றுக்கும் நீண்ட காலம், வெளிமதிலுக்கு 30 நாள் என்று பிரித்துக் கேளுங்கள். நிறையத் தடவை ஒத்துக்கொள்வார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த அதே வருடத்தில்தான் தமிழ்நாட்டில் சாத்தான்குளம் சம்பவம் நடந்தது. ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் பொலிஸ் காவலில் அடிபட்டு இறந்த விடயத்தை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், அந்த நிலையத்துக் கமராப் பதிவைத் தேடினார். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிகிற மாதிரி அமைப்பு மாற்றி வைக்கப்பட்டிருந்தது. கமராவை உடைக்கவில்லை, வயரை அறுக்கவில்லை. மெனுவுக்குள் ஒரு தெரிவு, அவ்வளவுதான்.

ஆகவே அந்த மெனுவுக்குள் யார் போகலாம் என்பதைப் பூட்டுகிற அன்றே தீர்மானியுங்கள். பார்க்கிறவருக்கு ஒரு கணக்கு, அதில் அழிக்கவோ நேரம் மாற்றவோ முடியாது. நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி சிறையிலும் மற்றப் பாதி தலைமையகத்திலும் மூடிய உறைக்குள். யார் எப்போது உள்ளே போனார், எதை மாற்றினார் என்ற குறிப்பைக் கருவி தானே எழுதும். அந்தக் குறிப்பு உடனுக்குடன் வேறோர் இடத்துச் சேவருக்கும் போகட்டும். முக்கியமான மூன்று நாலு கமராவின் இரண்டாவது பிரதியும் அதே மதிலுக்குள் இருக்கக்கூடாது. கலவரத்தில் முதலில் எரிவது அலுவலகம்.

"கடவுச்சொல்லை எங்களிட்டையே தந்துவிட்டுப் போங்கோ" என்று உங்களிடம் கேட்பார்கள். கோபத்தோடு இல்லை, தேத்தண்ணீர் தந்து அன்பாகத்தான் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் முன்னரே எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டு மறுக்கலாம்.

அடுத்தது நேரம். இது எனக்குப் பட்ட அடி. ஓர் இடத்தில் நடைபாதையில் ஒருவரைத் தாக்கிய காட்சி தெளிவாக, முகத்தோடு பதிந்திருந்தது. வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனபோது கருவியைப் பூட்டியவன் என்று என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். கடமைப் புத்தகத்தில் சம்பவம் இரவு 9.20. படத்தின் மூலையில் 8.33. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மெல்லக் கேட்டார்: "இரண்டில் எது பொய்?" மின்வெட்டுகளில் கருவி அணைந்து எழும்பி, உள்ளே இருந்த நாணய அளவு பற்றரி இறந்து, கடிகாரம் 47 நிமிடம் பிந்தியிருந்தது. எனக்குக் காரணம் தெரியும். ஆனால் எந்த நாளில் இருந்து பிந்தத் தொடங்கியது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இருபது நிமிடம் வியர்த்து நின்றேன்.

அன்றிலிருந்து மூன்று விடயம் செய்கிறேன். கருவிகள் நிறைய சீன நேரத்தோடு பெட்டியில் வரும். நம்முடையது கிரீன்விச்சிலிருந்து 5.30 மணி முன்னால், அவர்களுடையது 8. முதலில் அதை மாற்றுவேன். பிறகு எல்லாக் கமராவும் ஒரே நேரச் சேவரைப் பார்க்க விடுவேன். அப்புறம் மாதம் ஒருமுறை, திரையில் உள்ள நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதி ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். வித்தியாசம் இருந்தால் வெட்கப்படாமல் அப்படியே எழுதட்டும். எழுதிய வித்தியாசத்தை நீதிமன்றத்தில் விளக்கலாம்.

ஐந்தாம் படி: உப்பு, இடி, எறும்பு

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நிற்கிற கடற்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் சிறை, இப்போது கடற்படை நடத்துகிற விடுதி. அங்கே கடல்தான் மதில். நமக்கு அந்தக் கடல்தான் எதிரி. யாழ்ப்பாணம் பண்ணைக் கடலோரக் காற்றில் இரண்டு வருடம் நின்ற ஒரு இணைப்புப் பெட்டியைத் திறந்தேன்: வலைவயரின் முனையில் செப்புப் பற்கள் பாசி பிடித்தது போலப் பச்சையாக, ஆணி துருவாகி விரலில் பொடிந்தது, மூலையில் பல்லி முட்டை இரண்டு, நடுவில் ஓர் எறும்புப் புற்று. பெட்டியில் ஐ.பி. 66, அதாவது தூசியும் தண்ணீரும் புகாத தரம் என்று அச்சடித்திருந்தது உண்மைதான். வயர் போகிற துளையை யாரோ மூடாமல் விட்டிருந்தார். அந்த யாரோ நான்தான்.

ஆணிகள் 316 வகை எவர்சில்வர். துளைகளுக்கெல்லாம் வயரைச் சுற்றி இறுக்கி மூடுகிற கிளாண்ட். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றம். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது கட்டாயம்.

கட்டடத்துக்குக் கட்டடம் செப்பு வயர் இழுக்காதீர்கள், ஃபைபர் என்கிற கண்ணாடி நார் வயர் போடுங்கள். செப்பு 100 மீற்றருக்கு மேல் ஓடாது என்பது ஒரு காரணம். மற்றது, ஒரு மூலையில் விழுந்த இடி செப்பு வழியாக ஓடி மற்றக் கட்டடத்துக் கருவியையும் தின்றுவிடும். குடாநாட்டில் எர்த் கம்பி இறக்குவது லேசில்லை. இரண்டு அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பாதிக் கம்பியை வெட்டிவிட்டு மூடுகிற ஆட்கள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள், முடிந்ததும் எர்த்தின் தடை எத்தனை ஓம் என்று மீற்றரில் பார்த்து எழுதுங்கள்.

கரண்ட் போனால் கமராவும் சேவரும் மட்டுமல்ல, இடையில் வலைவயர்களை இணைக்கிற சுவிட்ச் பெட்டியும் யூ.பி.எஸ்ஸில் இருக்க வேண்டும். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

ஆறாம் படி: வாசல்

விளக்கமறியலில் இருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு வரும். காலையில் அம்மாக்கள் பையோடு வரிசையில் நிற்பார்கள். பழைய முறையில் காவலர் ஒரு கரண்டியால் புட்டைக் கிளறி, கத்தரிக்காய்க் குழம்புக்குள் அதே கரண்டியை விட்டுப் பார்ப்பார். பார்த்து முடியும்போது அது சாப்பாடாக இராது. பொதி பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் வந்தால் முதலில் நன்மை அடைவது இந்த அம்மாக்கள்தான். திரையில் சோறு, புட்டு, துணி எல்லாம் செம்மஞ்சள் நிறம். உலோகம் நீலம். இரண்டுக்கும் இடைப்பட்டது பச்சை. புட்டுக்குள் புதைத்த போன் செம்மஞ்சளுக்கு நடுவில் நீலக் கட்டியாக நிற்கும், ஒருவரும் மறைக்க முடியாது. சாப்பாட்டில் கதிர் ஒன்றும் தங்காது. பயப்படுகிறவர்களுக்கு வரிசையிலேயே சொல்லுங்கள். ஆனால் போதைத்தூள் சோற்றோடு சோறாகச் செம்மஞ்சளாகவே தெரியும். அதற்கு இயந்திரத்தை நம்பாமல் துடைத்துப் பார்க்கும் சோதனையோ மோப்ப நாயோ வேண்டும்.

ஆளைப் பார்க்கிற எக்ஸ்ரே வேறு சாதி. ஒரு தடவைக்குப் போகிற கதிர் மிகச் சின்ன அளவு. அமெரிக்கத் தரம் பொதுப் பாவனைக்கு ஒரு தடவைக்கு 0.25 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) என்றும், மட்டுப்படுத்திய பாவனைக்கு 10 வரை என்றும், ஒருவருக்கு வருடத்தில் 250ஐத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைக்கிறது. இயற்கையாகவே நமக்கு வருடத்தில் 2,400 அளவு வருகிறது. ஆனாலும் எண்ண வேண்டும். ஒரே கைதியைத் தண்டனை போல ஒரு நாளில் ஐந்து முறை நிறுத்தாமல் இருக்க, ஆளுக்கு ஆள் எண்ணிக்கை எழுதும் மென்பொருள் இல்லாத இயந்திரத்தை வாங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு வழி. கதிரியக்கக் கருவிக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் செருகியைக் குத்தவே வேண்டாம்.

இவ்வளவு செலவு ஏன் என்று கேட்டால், உடை களையும் சோதனையைக் குறைக்க. மண்டேலா விதிகள் அப்படியான சோதனையை மிக அவசியமென்றால் மட்டும் செய்யச் சொல்கின்றன, மாற்று வழியைத் தேடச் சொல்கின்றன. இயந்திரத்தையும் வாங்கிவிட்டு, பழையபடி சேலையையும் உரியச் சொன்னால் வாங்கியது வீண்.

போன் விடயம்

உள்ளே கள்ளமாக வருகிற போன் உண்மையான ஆபத்துத்தான். வெளியில் உள்ள சாட்சியை மிரட்டலாம், கப்பம் கேட்கலாம். ஆனால் அலைவரிசை தடுக்கும் கருவியை முதலாவது யோசனையாக எடுக்காதீர்கள். நகரத்துக்கு நடுவில் அலை மதிலோடு நிற்காது; பக்கத்து வீட்டுக்காரர் அம்புலன்ஸ் கூப்பிட முடியாமல் நிற்பார். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் தொடுவது குற்றமும்கூட. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துப் பார்ச்மன் சிறையில் 2010இல் வேறு முறை ஒன்று வந்தது: சிறைக்கென்று ஒரு சின்னக் கோபுரம், பதிந்த இலக்கங்களை மட்டும் வெளியே விடும், மற்றதை நிறுத்தும். செலவு கூட.

அதற்கு முன் செய்யக்கூடிய மலிவான வேலை, சட்டப்படியான தொலைபேசியை எல்லாருக்கும் கிடைக்கச் செய்வது. "அம்மாவின்ரை ஒப்பரேசன் என்ன மாதிரி" என்று கேட்கவே வழியில்லாதவனுக்குக் கள்ளப் போன் விற்பது சுலபம். வீட்டோடு கதைக்கிற அழைப்புகள் பதிவாகும் என்று மூன்று மொழியிலும் சுவரில் எழுதி வையுங்கள். சட்டத்தரணியின் இலக்கத்தை மட்டும் பதிவிலிருந்து விலக்குங்கள்.

இரவுச் சுற்று

கமரா பார்க்கிறது என்று காவலர் சுற்று வருவதைக் குறைத்தால், நீங்கள் பாதுகாப்பைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பதினாறு சதுரத்தை இரவு இரண்டு மணிக்குப் பார்க்கிற மனிதக் கண் அரைமணியில் களைத்துவிடும்.

ஒவ்வொரு கூட்டுக்கும் வெளியே ஒரு சிறிய பொத்தான் ஒட்டி, காவலர் கையிலுள்ள கருவியை அதில் தொட்டால் நேரம் பதிகிற முறை இருக்கிறது. மலிவு, உழைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று அஞ்சப்படுகிறவரின் கூட்டுக்கு 15 நிமிடத்துக்கு மேல் இடைவெளி போகக்கூடாது. சரியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் போகக்கூடாது, ஏனென்றால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார். 7, 12, 5, 14 என்று மாறி மாறி. பதிவை எடுத்துப் பார்த்து எல்லாம் அச்சுப் போல 15 ஆகவே இருந்தால், யாரோ மேசையில் இருந்துகொண்டு பொத்தான்களைக் கழற்றி வைத்துத் தொட்டிருக்கிறார். நான் அதையும் பார்த்திருக்கிறேன்; பொத்தான் ஒன்பதும் பழைய பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது.

கூட்டுக்குள்ளிருந்து அழைக்கும் மணி, புகை உணரி, தீ வந்தால் கதவுகளை ஒரே இடத்தில் திறக்கும் வழி, இவற்றுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். "செயற்கை நுண்ணறிவு சண்டையை முன்கூட்டியே சொல்லும்" என்று ஒருவர் பளபளப்பான தாளோடு வருவார். நெரிசலான கூடத்தில் எல்லாருமே இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அது நாள் முழுக்கக் கத்தும், இரண்டாம் நாள் ஒலியை அணைத்துவிடுவார்கள். முகத்தையும் விரலையும் பதிகிற கருவி என்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை விசேட வகைத் தரவாக எண்ணுகிறது. பார்க்க வந்த அக்காவின் முகத்தை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்படைக்கும் நாள்

கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு வேலை. பெட்டியோடு வந்த கடவுச்சொல் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கமராவாகப் பாருங்கள். பிறகு அத்தியட்சகரையும் கமரா அறை உத்தியோகத்தரையும் உட்கார வைத்து, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நில்லுங்கள். "போன செவ்வாய்க்கிழமை இரவு 2.10க்கு மேற்கு நடைபாதை. அதை ஒரு சீடித் தட்டில் எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். யாரையும் தொலைபேசியில் கூப்பிடாமல், உங்களைத் திரும்பிப் பார்க்காமல், பத்து நிமிடத்துக்குள் அந்தத் தட்டு மேசைக்கு வந்து, யார் எப்போது எடுத்தார் என்பதும் புத்தகத்தில் ஏறினால் ஒப்படைப்புத் தாளில் கையொப்பமிடுங்கள். வராவிட்டால் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள் காலை ஏணியோடு திரும்பப் போங்கள்.